பக்கத்து ரூமுக்குக் காய்ச்சல் வந்தாச்சு

— இவனுக்கு ஏத்தினது மாறிப் போச்சுன்னு நான் சொல்லல நர்சம்மா. மாறிப் போயிருக்கலாம்னு சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?

— அதெல்லாம் மாறவே மாறாதும்மா. செல் இருந்த பையில உங்க தம்பி பேரு, பிறந்த தேதி, அவரு கையில கட்டியிருக்கிற பட்டையில உள்ள அதே நம்பர், எல்லாம் பார்த்துத்தான் ஏத்தினோம். நான் ஒரு தடவை வாசிச்சேன், டாக்டர் ஒரு தடவை வாசிச்சாரு. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க.

— நின்னேன். யாரு இல்லன்னா? நானும் காலம்பூரா லாண்டரி நடத்துறவ. காலருக்கு உள்ள குறி போட்டு, பின்னு குத்தி, துண்டுச் சீட்டும் வெச்சுத்தான் துவைக்கப் போடுறோம். அப்படியும் மாப்பிள்ளை பேன்ட்டு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கு. கண்ணுக்குத் தெரியுற பேன்ட்டே மாறுதுன்னா, கண்ணுக்கே தெரியாத செல்லு மாறாதா? நான் கேக்குறேன்.

— அக்கா, விடேன். சிஸ்டர், நீங்க போய் வேலையைப் பாருங்க. அக்காவுக்குக் காலையில ஒருத்தரைத் திட்டலன்னா சாப்பாடு இறங்காது.

— அவங்க எங்கயும் போகக் கூடாது. நீ பேசாம படு. இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் விடப் போறதில்ல.

— நீ முதல்ல வீட்டுக்குப் போக்கா. மாமா தனியா கடையில கிடந்து அல்லாடுறாரு. உன் சத்தத்துல எனக்குத் தலை வேற சுத்துது.

— உங்க மாமா ஒரு நாளாச்சும் அல்லாடட்டும். ஏம்மா, சொல்லு. இவன் உடம்புல இருந்து ரத்தத்தை எடுத்தீங்களா இல்லையா?

— எடுத்தோம்மா.

— ரெண்டு கையிலயும் ஊசியைச் சொருகி, மூக்கு அரிச்சாக்கூட நான்தான் சொறிஞ்சு விட்டேன். அந்த மெஷினு ரத்தத்தை உறிஞ்சி, வேணும்ங்குறதை மட்டும் பிரிச்சு வெச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பி விட்டுச்சு. அதை ஐஸ்ல வெச்சு ஃப்ளைட்ல ஏத்தி எங்கயோ ஒரு லேபுக்கு அனுப்பினீங்க. இவன் நாற்பது வருஷமா ஃப்ளைட்டைக் கண்ணால பார்த்ததில்ல, இவன் செல்லு போயிட்டு வந்துடுச்சு. சரி. அங்க அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாங்களாம்.

— பாடம்னு டாக்டர் உங்களுக்குப் புரியுறதுக்காகச் சொன்னாரும்மா. அந்த வெள்ளை அணுக்கள் எல்லார் உடம்புலயும் இருக்கு. கிருமியைக் கண்டா அடிக்கும். ஆனா கணையத்துல வர்ற இந்தப் புற்றை அதுங்களுக்கு அடையாளம் தெரியுறதில்ல, நம்ம ஆளுன்னு நினைச்சு விட்டுடும். அந்த அடையாளத்தைத்தான் லேபுல அதுக்குள்ள வெச்சு, நிறையப் பெருக்கி, திரும்ப அவருக்கே ஏத்தியிருக்கோம்.

— அதான் நானும் சொல்றேன். திருடனைக் காட்டிக் குடுத்தாச்சு, தடியும் குடுத்தாச்சு. உள்ள போயும் சேர்ந்தாச்சு. அப்புறம் ஏன் ஒரு சத்தமும் இல்ல? போன பட்டாளம் பூரா படுத்துத் தூங்குதா?

— சத்தம்னு எதைச் சொல்றீங்க?

— காய்ச்சலைச் சொல்றேன். வேற எதை? பெரிய டாக்டர் இதே இடத்துல நின்னு சொன்னாரு, ஏத்தின சில நாள்ல காய்ச்சல் வரும், குளிர் தூக்கிப் போடும், வந்தா பயப்படாதீங்க, செல்லு வேலையை ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்னாரு.

— அர்த்தமா இருக்கலாம்னாரு. ‘இருக்கலாம்’. நானும் கூட நின்னு கேட்டேன்மா. சிலருக்குக் காய்ச்சலே வராம வேலை செய்யும். சிலருக்குக் காய்ச்சல் வந்தும் ஒண்ணும் ஆகாது. காய்ச்சல் ஒண்ணும் மார்க் ஷீட் இல்ல.

— பக்கத்து ரூமுக்கு மட்டும் வந்துச்சே?

— அம்மா, மத்தவங்களைப் பத்தி நான் பேசக் கூடாது.

— நீ பேச வேண்டாம், அந்த அம்மாவே பேசினாங்க. அந்த மீசைக்காரரோட சம்சாரம். முந்தாநாள் காலையில தண்ணி பிடிக்கப் போனா குழாய்கிட்ட நிக்கிறாங்க. ‘எங்களுக்கு நேத்தே வந்துடுச்சுங்க, நூத்தி மூணு’ங்கிறாங்க. பிள்ளை முதல் ரேங்க் வாங்கின மாதிரி முகமெல்லாம் அப்படி ஒரு பூரிப்பு. ‘உங்களுக்கு எப்படி?’ன்னு வேற கேட்டாங்க. எங்களுக்குத் தொண்ணூத்தெட்டுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

— என்னன்னு சொன்ன?

— தொண்ணூத்தொன்பதுன்னேன்.

— அக்கா, ஒரு டிகிரி கூட்டிச் சொல்லியிருக்க பாரு. இதுல கூடவா பொய்யி?

— பின்ன? அவங்க முன்னாடி தலை குனியச் சொல்றியா? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஏத்தினாங்க. ரெண்டு பையும் ஒரே பெட்டியிலதான் புகை கக்கிக்கிட்டு வந்துச்சு. அங்கதான் எனக்குச் சந்தேகமே. இவன் செல்லை அவருக்கு ஏத்திட்டீங்க. அவரு செல்லை இவனுக்கு ஏத்திட்டீங்க. ஏத்தும்போது ரூம் பூரா பூண்டு நாத்தம் வேற. எங்க செல்லுக்கு ஏன் பூண்டு நாத்தம் வரணும்?

— அது செல் உறைஞ்சு கெட்டுப் போகாம இருக்கச் சேர்க்கிற மருந்தோட வாசனை. எல்லாப் பையிலயும் வரும். அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வேற ஒருத்தரோட செல்லை ஏத்தியிருந்தா இவரு உங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இப்படிச் சும்மா படுத்திருக்க மாட்டாரு. உடம்பு அதை ஏத்துக்காம பெரிய ரகளையே ஆகியிருக்கும். என் வேலையில நான் இதுவரைக்கும் ஒரு பையைக்கூட மாத்தி மாட்டினதில்ல. நீங்க தாழ்வாரத்துல நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி மாத்திட்டாங்க மாத்திட்டாங்கன்னு சொல்றது எனக்கு எப்படி இருக்கும்? நானும் மனுஷிதான.

— கோபம் வருதா? வரட்டும். எனக்கு வந்ததுல கால்வாசி கூட உனக்கு வரல. எனக்கு யாரு மேல எல்லாம் கோபம்னு உனக்குத் தெரியுமா? கணையம்னு ஒண்ணு வயித்துக்குள்ள இருக்குங்கிறதே எங்களுக்குத் தெரியாது. கல்லீரல் தெரியும், கிட்னி தெரியும். இது எங்க இருக்குன்னு கேட்டா, எல்லாத்துக்கும் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்காம். இத்தனை வருஷம் வாயைத் திறக்காம உக்காந்திருந்துட்டு, ஆளை முழுங்குற நேரத்துல வந்து நான்தான் கணையம்னு நிக்குது. ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக் கூடாதா?

— அது சொல்லுச்சுக்கா. முதுகுல வலிச்சுது. நான்தான் கேக்கல.

— உன் மேலயும்தான் கோபம். கேட்டுக்கோம்மா. இவன் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல ஒரு லிஃப்ட் லேசா முனகினா போதும், பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவான். சொந்த வயிறு மாசக்கணக்கா முனகியிருக்கு. கேஸுன்னு சொல்லிச் சோடாவைக் குடிச்சிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— சொன்னா திட்டுவ.

— இப்ப மட்டும் கொஞ்சுறேனா? கல்யாணம்தான் பண்ணிக்கல, கேக்க ஆளில்ல. கூடப் பிறந்தவகிட்டயாவது சொல்லலாமில்ல? கண்ணு மஞ்சளா இருந்ததை நான்தான் பார்த்தேன். அதுவும் எதேச்சையா, துணி வாங்கக் கடைக்கு வந்து பில்லுல கையெழுத்துப் போட்டப்போ. அப்பவும் சொல்றான், கடையில டியூப்லைட் மஞ்சளா எரியுதுன்னு.

— எரிஞ்சுதுக்கா. நிஜமாவே மங்கல்தான்.

— வாயை மூடு. அப்புறம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோம். கத்தி வைக்க முடியாதுன்னாங்க. மருந்து குடுத்தாங்க, கேக்கலன்னாங்க. கடைசியா இங்க வந்தா, இது சோதனைன்னு சொன்னாங்க. சோதனைன்னா யாருக்கு? எங்களுக்குத்தான் சோதனை. சரி, அதையும் பார்த்துடலாம்னுதான் வந்தோம். மொட்டையடிச்ச மாதிரி முடியெல்லாம் கொட்டிப் போச்சு, அதுக்கும் சரின்னோம். ஒரு காய்ச்சல், ஒரே ஒரு காய்ச்சல் கேட்டேன். ஊர்ல எல்லாருக்கும் மழையில நனைஞ்சா வருது. இவனுக்கு வர மாட்டேங்குது.

— அம்மா, உக்காருங்க. தண்ணி குடிங்க.

— எனக்குத் தண்ணி வேண்டாம். எனக்கு அந்த லேபுக்காரன் நம்பர் வேணும்.

— அக்கா, போதும். சிஸ்டர் போகட்டும். உன் கைப்பையை மட்டும் இப்படித் தள்ளி வெச்சுட்டு நீ கீழ போய் ஒரு டீ குடி. இல்ல, வீட்டுக்கே போயிடு. நாளைக்கு வா.

— நேத்தும் போ போன்னான், இன்னிக்கும் போ போங்குறான். நான் என்ன உனக்குப் பாரமா இருக்கேனா? அந்த மீசைக்காரரை முந்தாநாள் சாயந்திரம் ஐசியூவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனதுல இருந்து அந்த அம்மா வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. கதவுல இருக்கிற வட்டக் கண்ணாடி வழியாக்கூடப் பார்க்க விடலையாம். அவங்களைக் கேளு, பக்கத்துல உக்கார ஒரு நாற்காலி கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு.

— அவரு இப்ப எப்படி இருக்காரு, சிஸ்டர்?

— சொல்லக் கூடாது சார்.

— நேத்து கேட்டதுக்கும் இதேதான் சொன்னீங்க.

— யாரு கேட்டாலும் இதேதான் சொல்வேன் சார். நாளைக்கு உங்களைப் பத்தி வேற யாராவது வந்து கேட்டாலும். சரிம்மா, இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க? சொல்லுங்க.

— இப்பவே சூடு பாரு. என் கண்ணு முன்னாடி. காலையில வந்து காதுல வெச்ச வேகத்துல எடுத்துட்டுப் போனியே, அப்படி இல்ல. நிதானமா.

— இன்னும் நேரம் ஆகலையே சிஸ்டர். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான பார்ப்பீங்க? இப்ப எதுக்கு?

— பார்த்துட்டாத்தான் உங்க அக்கா என்னை விடுவாங்க சார். தலையை இப்படித் திருப்புங்க.

— இப்பதான் கண்ணு சொருகுது. அப்புறம் பாருங்களேன்.

— டேய், என்னடா அடம்? காட்டு.

— சார், கையை எடுங்க. ஒரு நிமிஷம். உங்க கை ஏன் இப்படி... போர்வையை எதுக்கு இவ்வளவு இறுக்கிச் சுத்தியிருக்கீங்க?

— ஏசி.

— ஏசி காலையில இருந்து ஓடலையே. தலையைத் திருப்புங்க. திருப்புங்க சார்.

— என்னம்மா காட்டுது?

— இருங்க. இன்னொரு காதுலயும் பார்க்கணும்.

— என்னன்னு சொல்லேன். தொண்ணூத்தெட்டா?

— நூத்தி ரெண்டு. அதுக்கும் கொஞ்சம் மேல.

— என்ன சொன்ன?

— நூத்தி ரெண்டரைன்னு வெச்சுக்கோங்க.

— வந்துடுச்சா? டேய், வந்துடுச்சுடா. தொட்டுப் பார்க்குறேன் இரு. ஆமாம்மா, கொதிக்குது. அடுப்புல வெச்ச பாத்திரம் மாதிரி இருக்கு. கடவுளே, என் வயித்துல பாலை வார்த்த. ஏம்மா, நான் திட்டினதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. உன் கையைக் குடு. நீ நல்லா இருப்ப. செல்லு மாறல. இவன் செல்லுதான். இவன மாதிரியே சோம்பேறி, அதான் எழுந்திருக்க இத்தனை நாள் ஆயிருக்கு. நான் ஓடிப் போய் அந்த அம்மாகிட்ட எங்களுக்கும் நூத்தி ரெண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்.

— நில்லுங்கம்மா. எங்கயும் போகாதீங்க. காலையில நான்தான் பார்த்தேன். சாதாரணமா இருந்துச்சு. நேத்தும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். சார், உங்களுக்கு எப்ப இருந்து குளிருது?

— இப்பதான்.

— உதடு வெடிச்சிருக்கு. நாக்கு காஞ்சு போயிருக்கு. இது இப்ப வந்த காய்ச்சல் இல்ல. அம்மா, இவருக்கு ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? நாங்க குடுக்கிறதைத் தவிர?

— நானா? சேச்சே. முதல் நாளே நீ படிச்சுப் படிச்சுச் சொன்னியே, எங்களைக் கேக்காம காய்ச்சல் மாத்திரை மட்டும் குடுத்துடாதீங்க, காய்ச்சல் வந்தா எங்களுக்குத் தெரியணும்னு. நான் என்ன புத்தி கெட்டவளா? காய்ச்சல் மாத்திரையைக் கையால தொடல.

— வேற எதுவும்?

— வேற என்ன? உடம்பு வலின்னான். அதுக்கு ஒண்ணு குடுத்தேன். இஸ்திரிப் பெட்டி பிடிச்சுப் பிடிச்சு எனக்குத் தோள்பட்டை கழண்டு போயிடும், அதுக்குப் போட்டுக்கிறது. எப்பவும் பையில இருக்கும். அது காய்ச்சலுக்கு இல்லம்மா, உடம்பு வலி மாத்திரை.

— அதைக் காட்டுங்க.

— இந்தா. பச்சை அட்டை. காய்ச்சல் மாத்திரை வெள்ளை அட்டையில வரும், எனக்குத் தெரியாதா?

— எத்தனை குடுத்தீங்க?

— கேக்கும்போதெல்லாம். ஏம்மா, ஏன் அப்படிப் பார்க்குற?

— இதுவும் அதுவும் ஒண்ணுதாம்மா.

— எதுவும் எதுவும்?

— காய்ச்சல் மாத்திரையும் உங்க உடம்பு வலி மாத்திரையும். ரெண்டுலயும் உள்ள இருக்கிறது ஒரே மருந்து. வலியையும் குறைக்கும், காய்ச்சலையும் இறக்கும். கம்பெனிதான் வேற, அட்டைக் கலருதான் வேற.

— ஒண்ணா? எப்படி ஒண்ணாகும்? கடையில போய் உடம்பு வலின்னா பச்சை குடுக்குறான், காய்ச்சல்னா வெள்ளை குடுக்குறான். ஒரே மருந்துக்கு எதுக்கு ரெண்டு பேரு? எந்த மடையன் வெச்சான்? வயித்து வலிக்குக் குடிக்கிறதும் துணிக்குப் போடுற நீலமும் ஒண்ணுன்னு நாளைக்குச் சொல்லுவீங்களா? நீயாவது, காய்ச்சல் மாத்திரைன்னு சொன்னப்போ, அது உடம்பு வலிக்குப் போடுறதும்தான்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லக் கூடாதா?

— சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். அது என் தப்புதான். ஆனா நாங்க நேரம் தவறாம வந்து சூடு பார்க்கிறது பொழுது போகாம இல்லம்மா. செல்லை ஏத்துறதுக்கு முன்னாடி குடுத்த மருந்தால இவருக்கு இப்ப உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. இந்தக் காய்ச்சல் செல்லு வேலை செய்யறதால வந்திருக்கலாம், கிருமியாலயும் வந்திருக்கலாம். எதுவா இருந்தாலும் முதல் மணி நேரத்துலயே எங்களுக்குத் தெரியணும். இப்ப இது நேத்து வந்ததா, முந்தாநாள் வந்ததான்னே தெரியல. நான் போய் டாக்டரைக் கூட்டிட்டு வரேன். ஐசியூவுல இடத்துக்கும் சொல்லணும். தண்ணி மட்டும் குடுங்க. தண்ணி மட்டும்.

— டேய்.

— சொல்லுக்கா.

— கேட்டியாடா அவ சொன்னதை? நானே குடுத்திருக்கேன். வர மாட்டேங்குது, வர மாட்டேங்குதுன்னு ஆஸ்பத்திரியே அதிர நான் கத்திக்கிட்டு இருக்கேன், வந்ததை என் கையாலயே அமுக்கி அமுக்கி வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணை என்னென்ன பேசிட்டேன். மாத்திட்ட, மாத்திட்டன்னு. பாவி நான்டா. உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உயிரோட இருப்பேன்?

— அழாதக்கா.

— அழாம? இனி நான் ஒரு துணியைத் தொட்டாக்கூட இதுதான்டா நினைப்புக்கு வரும். உன் உயிருக்கு எமன் வெளியில இருந்து வரல, என் கைப்பைக்குள்ள இருந்து வந்திருக்கான்.

— நீ ஒண்ணும் பண்ணலக்கா.

— ஆறுதல் சொல்லாத. எனக்கு எரியுது.

— ஆறுதல் இல்ல. அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல மருந்துப் பேரு போட்டிருக்கும். உனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— ரெண்டும் ஒண்ணுதான்னு. நீ முதல் தடவை குடுத்தப்பவே படிச்சுட்டேன்.

— படிச்சியா? படிச்சுமா முழுங்கின?

— அப்பவே லேசா சூடு இருந்துச்சுக்கா. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் கேட்டேன். அவங்க சூடு பார்க்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கேட்பேன். லிஃப்ட்ல அலாரம் ஒயரைக் கழட்டிப் போடுற மாதிரிதான். இன்னிக்குக் காலையில போட்டதுக்கப்புறம் நீ சண்டையில மும்முரமா இருந்துட்ட. பையை வெச்சுட்டுப் போன்னும் தரல.

— டேய், நீ மனுஷன்தானா? நான் உனக்காக ஊரு பூரா சண்டை போட்டுக்கிட்டுத் திரியுறேன், நீ உள்ள இருந்துக்கிட்டு ஒயரைக் கழட்டுறியா? இத்தனை பேரு உழைப்பு, உன் ரத்தம், என் தூக்கம், எல்லாத்தையும் பச்சை அட்டையை வெச்சு ஏமாத்தியிருக்க. ஏன்டா? செத்துப் போகலாம்னு முடிவு பண்ணிட்டியா?

— இல்லக்கா.

— அப்ப வேற எதுக்கு? வாயைத் திற. என்னைப் பார்த்துச் சொல்லு.

— அம்மா, கொஞ்சம் நகருங்க, கட்டிலைத் திருப்பணும். சார், காலை மடக்கிக்கோங்க. ஐசியூவுல இடம் தயார். டாக்டர் நேரா அங்கயே வந்துடுவாரு.

— நானும் வரேன்.

— கதவு வரைக்கும் வாங்கம்மா. அதுக்கு மேல விட மாட்டாங்க.

— இரும்மா, ஒரு நிமிஷம் நிறுத்து. இவன் எனக்கு ஒரு பதில் சொல்லணும். ஏன்டா மறைச்ச? சொல்லிட்டுப் போ.

— இதுக்குத்தான்கா. காய்ச்சல் வந்துச்சுன்னா, என்னை உள்ள தள்ளிட்டு உன்னை இப்படி வெளியில நிறுத்திடுவாங்கன்னுதான்.